ஹன்ட்ஸ்வில்லில் வாடகை வீடு: காலி செய்யும் நாளிலிருந்து ஆரம்பிப்போம்

(காட்சி: பொருள்கள் எல்லாம் போய்விட்ட சமையலறை. மேடையில் ஒரு சாவிக்கொத்து.)

வணக்கம். வீடு தேடுவது எப்படி என்று சொல்ல நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. நான் வீட்டைக் காலி செய்கிற நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில்லுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்கும் நம்மவர்கள் பலர் அந்த நாளில்தான் பணத்தை விடுகிறார்கள். நானும் விட்டிருக்கிறேன்.

(காட்சி: ஊரின் வரைபடம். கீழ்ப்பக்கம் ரெட்ஸ்டோன் படைத்தளம்.)

முதலில் ஊர். 1950இல் இங்கே 16,437 பேர்தான் இருந்தார்கள். அந்த ஆண்டு ராக்கெட் விஞ்ஞானி வெர்னர் வான் பிரவுனின் குழு ரெட்ஸ்டோன் படைத்தளத்துக்கு வந்தது. அப்புறம் நாசாவின் மார்ஷல் விண்வெளி மையம், சந்திரனுக்கு ஆட்களை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட், கம்மிங்ஸ் ஆராய்ச்சிப் பூங்கா என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2020 கணக்கெடுப்பில் 2,15,006 பேர். அலபாமாவிலேயே பெரிய நகரம் இன்று இதுதான். ஆனாலும் அட்லாண்டாவிலிருந்து வருகிறவருக்கு இது சின்ன ஊர்தான்.

சரி, காசுக்கு வருவோம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. அலபாமாவில் டெபாசிட் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. நாய், பூனை வளர்ப்பது, வீட்டில் மாற்றம் செய்வது மாதிரி சில விஷயங்களுக்கு மட்டும் விலக்கு. 2006இல் நிறைவேறி 2007 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. நீங்கள் காலி செய்த 60 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும். பிடித்தம் இருந்தால் எதற்கு எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். இரண்டையும் செய்யாமல் நாள் தாண்டிவிட்டால், டெபாசிட்டைப் போல இரண்டு மடங்கு தர வேண்டும்.

இதெல்லாம் நம் பக்கம். நாம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. காலி செய்யும்போது புது முகவரியை எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. அடுக்ககத்தின் வாடகை அலுவலகத்தில் வாயால் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காசோலை பழைய வீட்டு முகவரிக்குப் போயிருக்கிறது. யாரும் வாங்காத டெபாசிட் 90 நாள் கழிந்தால் உரிமையாளருக்கே போய்விடும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. எனக்கு விஷயம் தெரிந்தபோது நாலு மாதம் ஆகியிருந்தது.

(காட்சி: கைப்பேசியில் சமையல் மேடையைப் படம் எடுக்கும் கை.)

ஆகவே, குடிபோகும் அன்று பால் காய்ச்சுவதற்கு முன்னால் கைப்பேசியை எடுங்கள். மேடையின் ஒவ்வொரு மூலை, அடுப்பின் உட்புறம், கார்ப்பெட்டில் இருக்கும் கறை, குளியல் தொட்டி, ஜன்னல் திரை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, அன்றைக்கே அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். தேதியோடு போகும் அந்த மின்னஞ்சல்தான் பிறகு உங்களுக்குச் சாட்சி. வழக்கு வரை போனால் 6,000 டாலர் வரையிலான தொகைக்குச் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. வக்கீல் இல்லாமல் நீங்களே போய் நிற்கலாம். கையில் படம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சமையலறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நமக்குப் பிடித்தம் விழுவது அங்கேதான். பல அடுக்ககங்களில் அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி புகையை வெளியே தள்ளாது. வடிகட்டி வழியாக இழுத்து, அதே அறைக்குள் திரும்ப விடும். கடுகு தாளித்தால் புகை அலாரம் கத்தும். அலாரத்தைக் கழற்றி வைக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. வீடு பார்க்கப் போகும்போதே விசிறியைப் போட்டு, காற்று எங்கே போகிறது என்று பாருங்கள். பால்கனி உள்ள வீடா என்றும் பாருங்கள். அங்கே கரி அடுப்போ காஸ் அடுப்போ வைக்க லீஸ் அனுமதிக்கிறதா என்று படித்த பிறகுதான் வைக்க வேண்டும். மஞ்சள் கறை லேமினேட் மேடையில் பிடித்தால் எளிதில் போகாது, உடனே துடையுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் இருக்கும் கழிவு அரைக்கும் மெஷினில் சோறு, கறிவேப்பிலைக் காம்பு, முருங்கைக்காய்ச் சக்கை போடக் கூடாது. நார் சுற்றிக்கொண்டு குழாய் அடைக்கும், பில் உங்களுக்கு வரும்.

லீஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் ஊரில் லீஸ் என்றால் ஒத்தி. மொத்தமாகப் பணம் கொடுத்து, வாடகை இல்லாமல் இருப்பது. இங்கே லீஸ் என்பது மாத வாடகை ஒப்பந்தம்தான். அதில் இரண்டு இடத்தைக் கட்டாயம் படியுங்கள். ஒன்று, காலி செய்யப் போவதை எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பது. 60 நாள் என்று போட்டிருப்பது சகஜம். சொல்லத் தவறினால் கூடுதல் வாடகை ஓடும். இன்னொன்று, நடுவில் விட்டுப் போனால் என்ன தண்டம் என்பது. கான்ட்ராக்ட் வேலையில் வருகிறவர்களுக்கு இதுதான் முக்கியம். மாதக் கணக்கை மாற்றித் தரும் அடுக்ககங்களும் உண்டு. லீஸ் ஜூலை கடைசியில் முடிகிறது, ஆடியில் வீடு மாற வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள் என்றால், ஒரு மாதம் கூட்டியோ குறைத்தோ போட முடியுமா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

ஏசி ஓடவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது, பழுது பார்க்க யாரும் வரவில்லை என்றால் கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். இங்கே அதற்கு அனுமதி இல்லை. வாடகை கட்டாவிட்டால் உரிமையாளர் 7 வேலை நாள் நோட்டீஸ் கொடுத்து, உங்களை வெளியேற்றும் வழக்குக்குப் போகலாம். எழுத்தில் புகார் கொடுங்கள். 14 நாளில் சரியாகவில்லை என்றால் லீஸை முறித்துக்கொள்ள வழி இருக்கிறது.

(காட்சி: மழை மேகம், அபாயச் சங்கு.)

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம். 1989 நவம்பர் 15 மாலை ஏர்போர்ட் சாலையைச் சுழல்காற்று தாக்கி 21 பேர் இறந்தார்கள். 2011 ஏப்ரல் 27இல் மின்சாரக் கம்பித் தடங்கள் சாய்ந்து, ஊரே பல நாள் இருளில் கிடந்தது. நம் ஊர்ப் புயல் இரண்டு நாள் முன்பே பெயரோடு வரும். சுழல்காற்று அப்படி வராது. ‘வாட்ச்’ என்றால் வரக்கூடும், தயாராக இருங்கள். ‘வார்னிங்’ என்றால் வந்துவிட்டது, உடனே ஒளியுங்கள். அபாயச் சங்கு வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. தூங்கும்போது கேட்கும் என்று நம்பாதீர்கள். வானிலை ரேடியோ ஒன்று வாங்கி வையுங்கள். வீடு பார்க்கும்போது தரைத்தளமா, ஜன்னல் இல்லாத குளியலறையோ துணி அறையோ உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். நீச்சல் குளம் உள்ள வீடும் இப்படி ஓர் அறை உள்ள வீடும் ஒரே வாடகை என்றால், நான் நீச்சல் குளத்தை விட்டுவிட்டு அந்த அறை உள்ள வீட்டைத்தான் எடுப்பேன். ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸ், அதாவது வாடகைக்கு இருப்பவரின் பொருள்களுக்கான காப்பீடும் எடுங்கள். கட்டடத்துக்கான காப்பீடு உங்கள் பொருள்களுக்கு உதவாது.

இடம் தேர்வு சுருக்கமாக: ரெட்ஸ்டோனில் வேலை என்றால், காலையில் 9ஆம் கேட் முன்னால் நிற்கும் கார் வரிசையை ஒரு வேலை நாளில் போய்ப் பாருங்கள், அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள். கார் இல்லாமல் இந்த ஊரில் சிரமம். மின்சாரம், தண்ணீர், காஸ் மூன்றும் நகராட்சிக்குச் சொந்தமான ஹன்ட்ஸ்வில் யுட்டிலிட்டீஸ் தரும்.

(காட்சி: மறுபடி அதே காலி சமையலறை.)

கடைசி நாள். மேடையைத் துடைத்து, மறுபடி வீடியோ எடுங்கள். புது முகவரியைக் காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, சாவியோடு சேர்த்துக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அந்தக் காகிதத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலண்டரில் 60ஆவது நாளை வட்டமிட்டு வையுங்கள்.