மூச்சை எண்ண ஒரு மணிக்கூடு போதும்

வணக்கம். கிளிநொச்சிக்குக் கிழக்கே, இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஓடும் ஊர் ஒன்றில், எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் கட்டிலில் நித்திரையாக இருப்பவர் என் அம்மம்மா. அவரைப் படத்தில் காட்டலாமா என்று காலையிலேயே கேட்டேன். "நான் படுத்துக் கிடக்கிறதை ஆர் பிள்ளை பாக்கப் போகினம்?" என்று சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அவர் அங்கே படுத்திருப்பதற்கு ஒரு தேவை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். இடையிடையே மயில் அகவினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்வளவில் மூன்று மயில்கள் திரிகின்றன, அவை என் சொல்லைக் கேட்பதில்லை.

நான் தாதிய உத்தியோகத்தராக வேலை செய்பவள் என்பதால், ஊரில் யாருக்காவது வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பிரஷர் மெஷினோ விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியோ அனுப்பினால், பெட்டி பிரிக்கப்படுவது பெரும்பாலும் எங்கள் வீட்டு மேசையில்தான். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "தங்கச்சி, எந்த மெஷின் திறம்?" விநாடி முள் உள்ள ஒரு மணிக்கூடுதான் திறம் என்று சொன்னால், நான் பகிடி விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். பகிடி இல்லை. உடல் வெப்பநிலை, நாடித்துடிப்பு, சுவாச வீதம், குருதி அமுக்கம் என்ற நான்கையும் உயிர்க்குறிகள் என்கிறோம், ஒட்சிசன் அளவு பிற்காலத்தில் ஐந்தாவதாகச் சேர்ந்துகொண்டது. இவற்றில் நாடியையும் மூச்சையும் அளப்பதற்கு மணிக்கூட்டைத் தவிர வேறொன்றும் தேவையில்லை. அப்படியிருந்தும், நோயாளி மோசமாகப் போகிறார் என்பதைப் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுக்கும் மூச்சைத்தான் வீட்டிலும் எண்ணுவதில்லை, வார்ட்டிலும் ஒழுங்காக எண்ணுவதில்லை.

வார்ட் என்று சொன்னதற்கு என்னையே சாட்சியாக வைக்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஓர் இரவுக் கடமையில், முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் அட்டைகளில் சுவாச வீதம் என்ற கட்டத்தில் 18, 20, 18, 20 என்று மாற்றி மாற்றி நான் எழுதிக்கொண்டு போனேன். ஒருவருடைய மூச்சைக்கூட எண்ணவில்லை. காலையில் வந்த மூத்த தாதி அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். ஏசவில்லை. "இந்த வார்ட்டில் எல்லாரும் ஒரே தாளத்தில் மூச்சு விடுகினம் போல" என்று மட்டும் சொல்லிவிட்டு, என்னை எட்டாம் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், மணிக்கூட்டைக் கையில் தந்து எண்ணச் சொன்னார். 32 வந்தது. அந்த ஐயாவின் நாடியும் பிரஷரும் காய்ச்சலும் இரவு முழுவதும் ஏறக்குறைய ஒழுங்காகவே இருந்தன. நியூமோனியா ஏறிக்கொண்டிருந்ததை அவருடைய மூச்சு மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது, அந்தக் கட்டத்தில் நான் 20 என்று எழுதியிருந்தேன். அவர் தப்பிவிட்டார் என்பதால்தான் இதை இவ்வளவு இலகுவாகச் சொல்ல முடிகிறது.

மூச்சு ஏன் முந்துகிறது என்றால், உடம்பில் ஒட்சிசன் குறைந்தாலும், கிருமித் தொற்று இரத்தத்தில் பரவினாலும், நீரிழிவு முற்றியோ சிறுநீரகம் செயலிழந்தோ இரத்தத்தில் அமிலம் கூடினாலும், அதை ஈடுசெய்வதற்கு உடல் உடனடியாகக் கையில் எடுக்கும் வழி வேகமாக மூச்சு விடுவதுதான். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை வழமையானது. பிரித்தானிய மருத்துவர்களின் அரச கல்லூரி 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய எச்சரிக்கைப் புள்ளி முறையில் (புள்ளி கூடக் கூட ஆபத்தும் கூடும்), மூச்சு 25 அல்லது அதற்கு மேல் போனாலும், 8 அல்லது அதற்குக் கீழே இறங்கினாலும், அந்த ஒரு குறிக்கே உச்சப் புள்ளியான 3 கொடுக்கப்படுகிறது. சிறுபிள்ளைகளின் கணக்கு வேறு. இருமலோடு இருக்கும் குழந்தைக்கு 2 மாதம் நிறையாவிட்டால் 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 என்ற எல்லையை மூச்சு எட்டினால், அதை வேகமான மூச்சு என்றுதான் உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. மூச்சு எடுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், எண்ணிக்கொண்டிருக்காமல் புறப்படுங்கள்.

எண்ணுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "உங்கள் மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்ன மறுகணமே அந்த மனிதரின் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையை அவருடைய வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, நாடி எண்ணி முடிந்த பிறகும் கையை விடாமல், வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். ஏறி இறங்குவது சேர்ந்து ஒன்று. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிறவர்கள் ஒரு மூச்சைத் தவறவிட்டால் நான்கு மூச்சைத் தவறவிட்டதாக ஆகிவிடும்.

நம் வன்னியில் இதற்கு இன்னொரு தேவையும் உண்டு. நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்களை இரவில் கட்டுவிரியன் தீண்டினால், கடிவாயில் பெரிதாக வலியோ வீக்கமோ இருக்காது. கண்ணிமைகள் தொங்கத் தொடங்கி, விழுங்குவது கடினமாகி, பிறகு மூச்சுத் தசைகள் சோர்ந்துபோகும். "கடிச்ச இடத்தில ஒண்டும் இல்லை" என்று விடியும் வரை காத்திருக்கக் கூடாது. இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், வைத்தியசாலைக்குப் போகும் வழியெல்லாம் இமையையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே போங்கள்.

நாடியைப் பெருவிரலால் பார்க்காதீர்கள், உங்கள் பெருவிரலின் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். நடுவிரலையும் சுட்டுவிரலையும் நோயாளியின் பெருவிரல் அடிப்பக்கத்து மணிக்கட்டில் வையுங்கள். 60 முதல் 100 வரை வழமை என்று புத்தகம் சொல்கிறது, ஆனால் புத்தகத்தின் எண்ணைவிட அந்த மனிதரின் சொந்த எண் பெரிது. காலபோகம் முழுவதும் வயலில் நிற்கும் எங்கள் பெரியப்பாவுக்கு ஓய்வில் 54தான், அவருக்கு 96 என்று வந்தால் புத்தகப்படி சரி, என் கணக்கில் சரியில்லை. பிரஷருக்குக் கொடுக்கும் அற்றினோலோல் போன்ற மாத்திரை குடிப்பவர்களுக்கு உடல் எவ்வளவு தடுமாறினாலும் நாடி ஏறாமல் மறைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். துடிப்பு ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு வந்தால் முழு நிமிடமும் எண்ணுங்கள், அந்த விடயத்தை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், பக்கவாதத்துக்கு வழிவிடும் இதயத் துடிப்புக் கோளாறு அதில் இருக்கலாம்.

காய்ச்சலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 98.6 பரனைற்று என்ற எண்ணை 1868இல் ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிக் அக்குளில் வெப்பமானி வைத்து அளந்து நிலைநிறுத்தினார். மனிதருக்கு மனிதர், காலைக்கும் மாலைக்கும் அது மாறும். 100.4க்கு மேல் போனால் காய்ச்சல். அக்குளில் வைத்தால் வாயில் வைப்பதைவிட ஏறக்குறைய ஒரு பாகை பரனைற்று குறைவாகக் காட்டும் என்பதால், எங்கே வைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆனால் டெங்கு என்று வந்துவிட்டால் வெப்பமானி நம்மை ஏமாற்றும். மாரி மழை தொடங்கிய ஒரு வருடம் என் தம்பிக்குக் காய்ச்சல் வந்து, ஐந்தாம் நாள் காலையில் விட்டுவிட்டது. அம்மா நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்துவிட்டு ரசம் வைக்கப் போய்விட்டார். தம்பி எழுந்திருந்து பேசினான், ஆனால் கை சில்லென்று இருந்தது. பிரஷர் மெஷினைக் கட்டினேன்: மேல் எண் 100, கீழ் எண் 82, நாடி 118. மெஷினின் ஓரத்தில் இருக்கும் வண்ணப் பட்டை பச்சை காட்டியது. வீட்டில் எல்லோரும் அந்தப் பச்சையைப் பார்த்தார்கள், நான் 100இலிருந்து 82ஐக் கழித்தேன். 18. டெங்குவில் குழாய்களிலிருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியும்போது, உடல் குழாய்களை இறுக்கி அமுக்கத்தைப் பிடித்து வைக்கப் பார்க்கும். அதனால் மேல் எண் அவ்வளவாக விழாது, கீழ் எண் ஏறி இரண்டும் நெருங்கும். அந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் குறைவானால் அதிர்ச்சி நிலை, அதாவது உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போகும் நிலை, தொடங்குகிறது என்று பொருள். இது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் நடக்கிறது, அந்த ஆபத்தான கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும், தம்பிக்குத் திரும்பவில்லை. ரசம் அடுப்பிலேயே இருந்தது, நாங்கள் வைத்தியசாலையில் இருந்தோம். பப்பாசி இலைச் சாறு பற்றி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம், கழித்தல் கணக்கைக் கேளுங்கள். காய்ச்சலுக்குப் பனடோலைத் தவிர, இபுப்ரொபேனோ அஸ்பிரினோ வேண்டவே வேண்டாம்.

இப்போது பிரஷர் மெஷினுக்கு வருவோம். கமராவைச் சற்றுக் கீழே இறக்குகிறேன். கதிரையில் முதுகைச் சாய்த்து, பாதங்கள் இரண்டையும் நிலத்தில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு வந்தேன், அந்தப் பகுதியை வெட்டிவிட்டேன். பட்டியை வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே சுற்றி, கையை இதய மட்டத்துக்கு வரும்படி மேசையில் வைத்திருக்கிறேன். 116க்கு 74. ஒரு நிமிடம் பொறுத்து, அதே கையைக் கதிரைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு மறுபடியும் அளக்கிறேன். 123க்கு 79. நான் அப்படியே இருக்கிறேன், கை மட்டும்தான் இறங்கியது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2024இல் இதை ஆய்வாகவே செய்து, தொங்கும் கையில் மேல் எண் சராசரியாக 6.5 கூடுதலாகக் காட்டுகிறது என்று எழுதினார்கள். இதோடு, பருத்த கைக்குச் சிறிய பட்டி கட்டினால் இன்னும் ஏற்றிக் காட்டும். பட்டியின் ஓரத்தில் 22 முதல் 32 சென்ரிமீற்றர் என்று அச்சிட்டிருந்தால், தையல்காரரின் அளவு நாடாவால் உங்கள் கையைச் சுற்றி அளந்து பாருங்கள்.

கிளினிக் நாளில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். விடியப்புறம் கிறவல் வீதியில் சைக்கிள் மிதித்து, ஏ9 வீதிக்கு வந்து பஸ் பிடித்து, நம்பர் எடுக்க ஓடி, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு வரிசையில் நின்ற அம்மாவுக்கு, அமர்ந்த உடனேயே சட்டைக் கைக்கு மேலே பட்டியைக் கட்டினால் அதில் வரும் எண் யாருடையது? அதனால்தான் வீட்டில் ஒழுங்காக அளந்த குறிப்பைக் கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். கிளினிக்கில் 140க்கு 90 என்ற எல்லைக்கு, வீட்டில் 135க்கு 85தான் சமம். தேநீர், வெற்றிலை, புகை எல்லாவற்றுக்கும் பிறகு அரை மணித்தியாலம் விட்டு அளந்து பாருங்கள். ரஷ்ய மருத்துவர் கொரொட்கோவ் 1905இல் கண்டுபிடித்த ஒலியை வைத்தியர் குழாய் வைத்துக் கேட்கிறார். வீட்டு மெஷின் ஒலியைக் கேட்பதில்லை, பட்டிக்குள் எழும் அதிர்வை அளக்கிறது. ஓடும் ஓட்டோவிலும், ஒழுங்கில்லாத நாடியிலும் அது தடுமாறுவதற்குக் காரணம் அதுதான்.

விரல் மானியை வைத்து அதிகம் பயப்படுகிறவர்கள் முதலில் கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள், நகப்பூச்சை அழியுங்கள், கருமருதாணி இட்ட விரலை விட்டுவிடுங்கள். அரை நிமிடம் பொறுத்து எண் நிலைத்த பிறகு வாசியுங்கள். எங்களைப் போன்ற கருமையான தோலில் அது சில வேளை உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். அதனால் 95 காட்டினாலும் மூச்சு 28 என்றால் நான் மூச்சைத்தான் நம்புவேன்.

அவசரத்துக்கு 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அழைக்கும்போது "ஆளுக்கு ஏலாமல் கிடக்கு" என்று மட்டும் சொல்லாமல், "பத்து மணிக்கு மூச்சு 22, பதினொன்றுக்கு 30" என்று சொல்லிப் பாருங்கள். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நேரம் போட்டு எழுதி வைத்தாலே போதுமானது.

சரி, இனி அம்மம்மா. அவர் இன்னும் நித்திரைதான், போர்வை வயிற்றின் மேலே ஏறி இறங்குவது உங்களுக்குத் தெரியும்படி கமராவைத் திருப்பியிருக்கிறேன். நான் ஒரு நிமிடம் பேசப் போவதில்லை. மணிக்கூட்டை எடுத்து நீங்களே எண்ணுங்கள்.

…

எனக்கு 16 வந்தது. உங்களுக்கு எத்தனை?