சராசரி இறங்குகிறது, யாருக்கு இறங்குகிறது?

வணக்கம். சேலம் நகரத்திலும் சுற்றுவட்டார ஊர்களிலும் ஏற்காட்டு மலையிலும் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காசநோயைப் பற்றிப் பேசும்போது நாட்டுக்கான ஓர் எண் அடிக்கடி சொல்லப்படுகிறது. 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் ஒரு லட்சம் பேரில் 237 பேருக்குப் புதிதாகக் காசநோய் வந்தது. 2024இல் அது 187. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு இது. ஒன்பது ஆண்டுகளில் 21 சதவீதம் குறைந்திருக்கிறது. உலக அளவில் இதே காலத்தில் குறைந்தது 12 சதவீதம்தான் என்பதால் இது உண்மையான முன்னேற்றம். ஆனால் 2025க்குள் 80 சதவீதம் குறைப்பது என்று நாம் இலக்கு வைத்திருந்தோம். அதற்கு வெகுதூரம் பின்னால் நிற்கிறோம். உலகில் காசநோய் வரும் நான்கு பேரில் ஒருவர் இன்றும் இந்தியர்.

ஏன் இன்னும் வேகமாக இறங்கவில்லை என்று கேட்டால், 187 என்ற அந்தச் சராசரியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டு, காற்றோட்டமான வீட்டில் இருப்பவர்களிடம் இந்த நோய் வேகமாகக் குறைகிறது. உடல் மெலிந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள், குடிப்பழக்கமும் புகைப்பழக்கமும் உள்ள ஆண்கள், கல் தூசியில் வேலை செய்பவர்கள், பழங்குடி மக்கள் ஆகியோரிடம் அது தங்கிவிடுகிறது. அதனால் மருத்துவமனைக்கு வந்தவருக்கு வைத்தியம் பார்த்தால் போதும் என்ற பழைய முறை இனி எடுபடாது. யாரிடம் நோய் தங்கியிருக்கிறதோ அவரைத் தேடிப் போக வேண்டும்.

எண்களைப் படிப்பதில் ஒரு எச்சரிக்கை முதலில். அரசுப் பதிவேட்டில் ஏறும் நோயாளிகளின் எண்ணிக்கை வேறு, உண்மையில் நோய் வந்தவர்களின் எண்ணிக்கை வேறு. 2019இல் நாடு முழுவதும் சுமார் 24 லட்சம் பேர் பதிவானார்கள். 2020இல் 18 லட்சம். கொரோனா ஆண்டில் காசநோய் குறைந்துவிட்டதா? இல்லை. பேருந்து ஓடவில்லை, புறநோயாளிப் பிரிவு இயங்கவில்லை, சளிப் பரிசோதனைக் கருவிகள் கொரோனாவுக்குப் போய்விட்டன. கண்டுபிடிக்கப்படாத அந்த ஆறு லட்சம் பேரும் வீட்டிலேயே இருமிக்கொண்டிருந்தார்கள். பிறகு 2022இல் மறுபடி 24 லட்சம், 2024இல் 26 லட்சம் என்று பதிவு ஏறியது. தனியார் மருத்துவர்களும் காசநோயாளிகளைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2012இல் வந்தது. இப்போது பதிவாகும் மூவரில் ஒருவர் தனியார் வழியாக வருகிறார். எனவே ஒரு வட்டாரத்தில் இந்த ஆண்டு நோயாளிகள் அதிகம் பதிவானால் பதற வேண்டாம். திடீரென்று குறைந்தால்தான் அங்கே பரிசோதனை நடக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

ஆண், பெண் கணக்கைப் பாருங்கள். 2019 முதல் 2021 வரை வீடு வீடாகச் சென்று எடுத்த தேசிய ஆய்வு ஒன்று இருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களில், கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் ஒரு லட்சத்துக்கு 316 பேரிடம் இருந்தது. அதில் ஆண்களின் விகிதம் பெண்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனால் பதிவேட்டில் ஆண்கள் சுமார் 60 சதவீதம்தான். கழுத்துக் கட்டி போன்ற, நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோய் பெண்களிடம் கூடுதலாகப் பதிவாவது இந்த வித்தியாசத்துக்கு ஒரு பகுதிக் காரணம். மீதிக் காரணம், இருமும் ஆண்கள் மருத்துவமனைக்கு வருவதில்லை. பீடி பிடிப்பவர் இருமலைப் பீடி இருமல் என்கிறார். தறி ஓட்டுபவர் பஞ்சுத் தூசி என்கிறார். சளியைக் கொடுத்து, முடிவு வாங்கி, மருந்து தொடங்குவதற்குள் இரண்டு மூன்று நாள் கூலி போய்விடும் என்ற கணக்கும் இருக்கிறது. அதே ஆய்வில், அறிகுறி இருந்தும் வைத்தியம் தேடாதவர்கள் 64 சதவீதம். ஏன் போகவில்லை என்று கேட்டபோது பணமில்லை என்றவர்கள் மிகச் சிலர். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றவர்களே மூன்றில் இரண்டு பங்கு.

அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி நம் ஊருக்கு மிகவும் முக்கியம். கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 42 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திராவிட்டால் தவறிப்போயிருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லும்படி இருமலோ காய்ச்சலோ இல்லை. ஆகவே முகாமில் “இரண்டு வாரமாக இருமல் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டு அனுப்பினால் பாதிக்கு அருகில் விட்டுவிடுவோம். கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவிகள் இப்போது வந்துவிட்டன. சிவதாபுரம் போன்ற இடங்களில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் பெரும்பாலும் வீட்டோடு சேர்ந்த சிறிய அறைகள். பற்றவைக்கும் சுடர் அலையக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்திக்கொண்டு பல பேர் நெருங்கி உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். காசநோய்க் கிருமி காற்றில்தான் மிதந்து பரவுகிறது. தட்டு, டம்ளர் வழியாகப் பரவுவதில்லை. மூடிய அறையில் ஒருவருக்கு நோய் இருந்தால் எட்டு மணி நேரமும் அதே காற்றைத்தான் மற்றவர்கள் சுவாசிக்கிறார்கள். பட்டறையில் ஒருவருக்கு நோய் உறுதியானால், அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும், அறிகுறி இல்லாவிட்டாலும், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பற்றவைக்காத நேரத்தில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். கல் குவாரியிலும் கிரஷரிலும் வேலை செய்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். கல்லில் இருக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்தால், கிருமியை விழுங்கி அழிக்கும் அணுக்களே முடங்கிவிடுகின்றன.

இனி மலைக்கு வருவோம். பழங்குடி மக்களிடையே பல மாநிலங்களில் நடந்த ஓர் ஆய்வில் நுரையீரல் காசநோய் ஒரு லட்சத்துக்கு 432 என்று வந்தது. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்திவிடக் கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை பெரிதும் மாறுகிறது. ஆனால் நோயைத் தங்கவைக்கும் காரணங்கள் இங்கேயும் உண்டு. குளிருக்காக இரவில் அடைத்த வீடு, விறகடுப்புப் புகை, மெலிந்த உடல், தூரம். இதில் தூரம்தான் பரிசோதனையைக் கெடுக்கிறது. சளி மாதிரி வெயிலில் கிடந்தால் கெட்டுப்போகும். குளிர்ப்பெட்டியில் வைத்து, முடிந்தவரை அன்றே, அதிகம் போனால் மூன்று நாளுக்குள் ஆய்வகத்துக்குச் சேர வேண்டும். மலைக் கிராமத்தில் காலையில் எடுத்த சளி, குளிர்ப்பெட்டி இல்லாமல் பேருந்துக்குக் காத்திருந்து அடுத்த நாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தால் முடிவை நம்ப முடியாது. மின்கலத்தில் இயங்கும் ட்ரூநாட் கருவி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிருமியைக் கண்டுபிடித்து, ரிஃபாம்பிசின் என்ற முக்கியக் காசநோய் மருந்து அதற்கு வேலை செய்யுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். முகாமுக்குக் கருவியைக் கொண்டுபோவதே சரி. ஆட்களைக் கீழே வரச் சொல்வது சரியல்ல.

சளி கொடுக்கும் முறையிலும் நிறையத் தவறு நடக்கிறது. பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்; எச்சிலில் கிருமி கிடைக்காது. வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, வெட்டவெளியில் நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து விட்டு, நெஞ்சிலிருந்து இருமிக் கெட்டியான சளியை எடுக்க வேண்டும். 2 முதல் 5 மில்லி போதும். ஒன்று மருத்துவமனைக்கு வந்த அன்று, மற்றொன்று காலையில் எழுந்தவுடன்.

உடல் மெலிவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவில் காசநோயைத் தூண்டும் காரணங்களில் முதலிடம் ஊட்டக் குறைவுக்குத்தான். ஜார்கண்டில் 2019 முதல் 2022 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். பாதிக் குடும்பங்களில் வீட்டார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை என்று கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது. மருந்து தொடங்கி இரண்டு மாதத்துக்குள் எடை 5 சதவீதம் ஏறிய நோயாளிகளிடம் இறப்பும் வெகுவாகக் குறைந்தது. அதாவது 40 கிலோ இருந்தவர் 42 ஆனால் போதும். எடை ஏறாமல் நின்றால் அதை ஒரு அபாய அறிகுறியாகவே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். நோயாளியின் வங்கிக் கணக்கில்தான் ஏறும். கணக்கு முடங்கியிருந்தாலோ எண் தவறாக இருந்தாலோ பணம் நின்றுவிடும். முதல் வாரத்திலேயே அதைச் சரிபாருங்கள். அந்தப் பணத்தில் ஊட்டச்சத்து மாவு டப்பா வாங்க வேண்டாம். வேர்க்கடலை, முட்டை, பருப்பு, கேழ்வரகு, எண்ணெய் ஆகியவை அதே விலைக்குப் பல மடங்கு சத்துத் தரும்.

இறப்புக் கணக்கிலும் இந்த மெலிவே வந்து நிற்கிறது. நாட்டில் காசநோய் இறப்பு 2015இல் லட்சத்துக்கு 28, 2024இல் 21. இறப்பவர்களில் பெரும்பாலோர் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதற்காகவே வந்தது. நோய் உறுதியான அன்றே உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ரத்த ஆக்சிஜன், தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது உடல் நிறை எண். அது 14க்குக் கீழே இருந்தால் ஆபத்து. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 31 கிலோ இருந்தால், 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆண் 35 கிலோ இருந்தால், அவர்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே. மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல், ஆக்சிஜன் 94க்குக் கீழ், எழுந்து நிற்க முடியவில்லை, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்க வேண்டியவர். மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால், அவருக்கு மருந்து வேலை செய்யத் தொடங்கும் முன்பே உயிர் போய்விடக்கூடும். உங்கள் வீட்டு நோயாளிக்கு இந்த அளவுகளை எடுத்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

சர்க்கரை நோய் நம் மாநிலத்தின் தனிச் சிக்கல். 2012இல் வெளியான ஆய்வொன்றில், தமிழ்நாட்டுக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. சர்க்கரை நோய் காசநோய் வரும் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. பலருக்கு எடை குறைவதைச் சர்க்கரையால் என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளே காசநோய் வளர்ந்துகொண்டிருக்கும். இன்னொரு பக்கம், ரிஃபாம்பிசின் மருந்து கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும். மருந்து தொடங்கியதும் சர்க்கரை ஏறினால் அதுதான் காரணமாக இருக்கலாம். காசநோய் மாத்திரையை நிறுத்தக் கூடாது, சர்க்கரை மருந்தை மாற்ற வேண்டும். கருத்தடை மாத்திரையும் இதேபோல் பலனிழக்கும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் சர்க்கரை மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும்போது, எடை குறைந்திருக்கிறதா, இருமல் உண்டா என்று அவரிடமே சொல்லிவிடலாம்.

குழந்தைகள் பதிவேட்டில் சுமார் 6 சதவீதம்தான். உண்மையில் அதற்கு இரு மடங்கு இருக்க வேண்டும் என்பது மதிப்பீடு. சின்னப் பிள்ளைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவதால் கண்டுபிடிப்பது கடினம். எடை ஏறாத, சுறுசுறுப்பு குறைந்த குழந்தையின் வீட்டில் பெரியவர் யாருக்காவது காசநோய் இருந்ததா என்ற கேள்விதான் முதல் தடயம். வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் காசநோய் உறுதியானால் எல்லோரையும் பரிசோதித்து, நோய் இல்லை என்று தெரிந்தவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். ஐசோனியசிட் தினமும் ஆறு மாதம், அல்லது ஐசோனியசிட்டும் ரிஃபாபென்டினும் வாரம் ஒரு முறை வீதம் 12 வாரம். “நோயே இல்லாதவருக்கு எதற்கு மாத்திரை?” என்று மறுப்பவர்கள் அதிகம். கிருமி உள்ளே உறங்கிக் கிடப்பவர்களில் அடுத்து யாருக்கு நோயாகும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது என்பதே பதில்.

சிகிச்சை, சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம். மாத்திரை எண்ணிக்கை எடையைப் பொறுத்தது: 35 முதல் 49 கிலோ வரை தினமும் 3, 50 முதல் 64 வரை 4. எடை ஏறி அடுத்த வரம்புக்குப் போனால் எண்ணிக்கையும் மாறும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது ரிஃபாம்பிசினால், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ, பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். கால் எரிச்சலுக்கு பி6 மாத்திரை உண்டு.

கடைசியாக, வேலைக்காகத் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போய்வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவானபோது உங்களுக்கு ஒரு நிக்‌ஷய் எண் கொடுத்திருப்பார்கள். நாட்டின் எந்த அரசு மருத்துவமனையிலும் அந்த எண்ணைச் சொன்னால் விட்ட இடத்திலிருந்து மருந்தைத் தொடரலாம். கிளம்பும் முன் உங்கள் சிகிச்சை மேற்பார்வையாளரிடம் போகும் ஊரைச் சொல்லி, பயண நாட்களுக்கான மாத்திரையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம், தமிழ்நாட்டுக்குள் 104. வணக்கம்.