நீதிமன்ற வாசலில் ஒரு பட்டப்படிப்பு: குற்றவியல் நீதி படித்தால் என்ன வேலை?

[காட்சி: பனி விலகாத காலை. இலங்கை மலையகத்தின் ஹட்டன் நீதிமன்ற வாசல். குடையும் பையுமாகக் காத்திருப்பவர்கள்.]

குரல்: இங்கே நிற்கிறவர்களில் பலர் இன்று கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை. அதனால் தோட்டத்தில் இன்று அவர்களுக்குப் பேர் விழாது, அதாவது நாள் சம்பளம் இல்லை. உள்ளே பேர் கூப்பிடுவார்கள், சிங்களத்தில் ஏதோ பேசுவார்கள், அடுத்த தவணை சொல்வார்கள். வெளியே வந்ததும், "ஐயா என்ன சொன்னார்?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார்கள். குற்றவியல் நீதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த வாசலைத்தான் முதலில் காட்டுவேன்.

[காட்சி: ஒரு கோடு வரையப்படுகிறது: பொலிஸ் நிலையம், நீதிமன்றம், சிறை, லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு).]

குரல்: "பொலிசுக்குப் போகவா படிக்கிறாய்?" என்பது வீட்டில் எழும் முதல் கேள்வி. பொலிஸ் இதில் ஒரு கண்ணி மட்டுமே. கைது, பிணை, விளக்கமறியல், வழக்கு, தண்டனை, விடுதலையானவர் லயத்துக்குத் திரும்புவது என எல்லாமே இந்தப் படிப்புக்குள் வரும். எது குற்றம் என்பதை 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை சொல்கிறது. அதை எப்படி விசாரிப்பது என்பதை 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. ஒருவர் ஏன் அந்த இடத்துக்கு வந்தார் என்பதைச் சமூகவியலிலும் உளவியலிலும் தேட வேண்டும். எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கும் குற்றவியல் நீதிக்கும் தனிப் பட்டமே உண்டு. ஆனால் இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு கறுப்பு அங்கி போட முடியாது. சட்டத்தரணியாவதற்குச் சட்டக் கல்லூரிப் பரீட்சைகள் என்ற வேறு பாதை இருக்கிறது. இதைச் சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

[காட்சி: தேயிலை மலை நடுவே ஒற்றையடிப் பாதை. கோப்புடன் ஏறும் ஓர் அலுவலர்.]

குரல்: வேலைகளுக்கு வருவோம். பொலிஸ், சிறைச்சாலைத் திணைக்களம் எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாதது சமுதாயஞ்சார் சீர்திருத்தம். தண்டப்பணம் கட்ட வழியில்லாமலேயே சிறைக்குப் போகிறவர்கள் இந்நாட்டில் ஏராளம். சின்னக் குற்றத்துக்குச் சிறைக்குப் பதிலாகச் சமூகப் பணி செய்ய வைக்க 1999ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அப்படி அனுப்பப்படுபவரின் வீட்டு நிலைமையை விசாரித்து, அவர் வேலையைச் செய்து முடிக்கும் வரை கூடவே இருக்க ஓர் அலுவலர் தேவை. சிறுவர் வழக்குகளில் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பார்த்தே நீதவான் முடிவெடுக்கும் சந்தர்ப்பங்கள் பல. பத்துக்குப் பத்து லயன் அறையில் ஏழு பேர் எப்படித் தூங்குகிறார்கள் என்று தெரிந்தவர் எழுதும் அறிக்கையும் தெரியாதவர் எழுதுவதும் ஒன்றாகுமா?

சட்ட உதவி ஆணைக்குழு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை, தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றிலும் இடமுண்டு.

[காட்சி: மீண்டும் நீதிமன்ற வாசல்.]

குரல்: வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். ஆனால் அந்த மொழி விளங்காத வழக்காளிக்கு அரசே உரைபெயர்ப்பு வழங்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை. இந்த உரிமையைத் தாளிலிருந்து வாசலுக்குக் கொண்டுவர இரண்டு மொழியும் தெரிந்த ஆட்கள் வேண்டும். ஆகவே பட்டத்தோடு சிங்களத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். வாசிக்கவும் எழுதவும் வர வேண்டும், பஸ்ஸில் பேசும் சிங்களம் போதாது.

உயர்தரப் பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டைத் திறந்து, பாடநெறி எந்த மொழிமூலம் நடக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்குரிய, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியைப் பிறகு பார்க்கலாம்.