விரலை அளந்தார்களா?

நடுவர் அவர்களே, ஹட்டன் சபையோரே, வணக்கம்.

ஆண் பெண் நடத்தை வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணம் பிறப்பா, வாழும் சூழலா என்பது தலைப்பு. "பெண்ணின் மூளையே நுணுக்கமான வேலைக்கென்று அமைந்தது. அதனால்தான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் பெண்கள் போகிறார்கள். விஞ்ஞானமே சொல்கிறது" என்று எதிரணித் தலைவர் முழங்கினார். விஞ்ஞானம் சொன்னதைக் கடைசிவரை வாசிப்போமே!

சிறு குச்சிகளைத் துளைகளில் வேகமாகச் செருகும் சோதனை ஒன்று உண்டு. சராசரியில் பெண்கள் முந்துகிறார்கள். எதிரணி இந்த வரியோடு நிறுத்திக்கொண்டது. 1990இல் உளவியல் ஆய்வாளர் மைக்கேல் பீட்டர்ஸ் குழுவினர் விரல்களின் பருமனையும் அளந்து கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். ஆண் பெண் வேறுபாடு காணாமல் போய்விட்டது. அங்கே வென்றது மெல்லிய விரல், ஐயா. அதை எப்படி மூளையின் கணக்கில் எழுதுவது?

சரி, நம் மலைக்கு வருவோம். நுணுக்கம் பெண்ணின் பிறவிக் குணம் என்றால், கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசைப் பார்ப்பதும் நுணுக்கமான வேலைதானே? அங்கே ஏன் பெரும்பாலும் ஆண் நிற்கிறார்? மழையில், அட்டைக்கடியில் நிற்பதற்கு மட்டும் நம் அம்மாமாரின் இயற்கையைக் காரணம் காட்டுகிறோம். பேர் பதிவதும் கிலோ கழிப்பதும் வேறு கைக்குப் போகிறது. இதை விஞ்ஞானத்தின் பெயரால் சொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

வேறுபாடே கிடையாது என்று நான் வாதாடவில்லை. உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005இல் 46 தொகுப்பாய்வுகளை, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஆய்வுகளை, திரட்டிப் பார்த்தார். பந்தெறியும் வேகத்தில் பெரிய வேறுபாடு இருந்தது. ஆனால் அளவிட்ட வேறுபாடுகளில் 78 சதவீதம் சிறியவை, அல்லது இல்லை என்றே சொல்லத்தக்கவை. அந்த 78 பற்றி எதிரணி ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம், வடகிழக்கு இந்தியாவின் காசி, கார்பி மக்கள். அருகருகே வாழும் இரண்டு மலைச் சமூகங்கள். 2011இல் வெளிவந்த ஆய்வில் ஏறக்குறைய 1,300 பேருக்குத் துண்டுகளைப் பொருத்தும் புதிர் ஒன்றைக் கொடுத்தார்கள். கார்பியரில் நிலம் ஆண் வழிப் போகும். அங்கே ஆண்கள் வேகமாக முடித்தார்கள். காசி மக்களில் சொத்து இளைய மகளுக்கு. அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைவெளி தெரியவில்லை. பெண்பிள்ளை எத்தனை வருடம் பள்ளிக்குப் போனாள் என்பதும் அந்த இடைவெளியில் ஒரு பகுதியை விளக்கியது.

அடுத்து வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: பிறப்புதான் காரணம் என்றால், கார்பி ஊரில் தெரிந்த அந்த இடைவெளி காசி ஊரில் எங்கே போனது?