டி.என்.ஏ.வின் அசைவைக் கணினியில் காண்பது
(மதுரையில் முதுநிலை அறிவியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

டி.என்.ஏ. என்றதும் பாடநூலில் உள்ள இரட்டைச் சுருளே நம் மனக்கண்ணில் எழுகிறது. 1953இல் வாட்சனும் கிரிக்கும் முன்வைத்த அந்த வடிவம் சரியானதே, ஆயினும் அது அசையாத படம். உயிரணுவுக்குள் டி.என்.ஏ. நீர் மூலக்கூறுகளும் அயனிகளும் இடைவிடாமல் மோத, வளைகிறது, முறுக்குத் தளர்கிறது, மீண்டும் இறுகுகிறது. ஒரு புரதம் தனக்குரிய இடத்தைக் கண்டு பற்றிக்கொள்வதில் இந்த நெகிழ்ச்சிக்கும் பங்குண்டு. அந்த அசைவை அணு அணுவாகப் பின்தொடரும் வழியே மூலக்கூறு இயக்கவியல் சிமுலேஷன்.

இதன் அடிப்படை நியூட்டனின் இயக்க விதிதான். ஒவ்வோர் அணுவின் மீதும் செயல்படும் விசையைக் கணக்கிட்டு, 2 பெம்டோநொடி (ஒரு பெம்டோநொடி என்பது நொடியின் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) கழித்து அந்த அணு எங்கே இருக்கும் என்று கண்டு, அங்கிருந்து மறுபடியும் விசையைக் கணக்கிட வேண்டும். ஒரு மைக்ரோநொடி (நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இயக்கத்தைக் காண இதை 50 கோடி முறை செய்தாக வேண்டும். விசையைத் தரும் சமன்பாடுகளையும் எண்களையும் சேர்த்து விசைப்புலம் என்கிறோம். அதிலுள்ள பிழை குறுகிய கணக்கீட்டில் ஒளிந்துகொள்ளும், நெடிய கணக்கீட்டில்தான் வெளிப்படும் என்பதை உங்களிடம் வலியுறுத்தவே வந்திருக்கிறேன்.

இத்துறையின் வரலாறே அதற்குச் சான்று. 1983இல் மைக்கேல் லெவிட் டி.என்.ஏ.வின் இயக்கத்தைக் கணக்கிட்டபோது சுற்றிலும் நீரே இல்லை. அன்றைய கணினிகளின் திறன் அவ்வளவுதான். நீரையும் அயனிகளையும் சேர்த்த பிறகும் இடர் தீரவில்லை. டி.என்.ஏ.வின் முதுகெலும்பில் ஒவ்வொரு பாஸ்பேட்டும் ஓர் எதிர்மின்னேற்றத்தைச் சுமக்கிறது. 12 கார இணைகள் (இரு இழைகளையும் இணைக்கும் படிகள்) கொண்ட சிறு துண்டிலேயே இத்தகைய பாஸ்பேட்டுகள் 22 உள்ளன. மின்விசையோ தொலைவு கூடக்கூட மெதுவாகவே குறையும். நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக, ஏறத்தாழ 10 ஆங்ஸ்ட்ராமுக்கு (ஓர் ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரின் கோடியில் ஒரு பங்கு) அப்பால் அவ்விசையைப் புறக்கணிப்பது அன்றைய வழக்கம்; அப்படிச் செய்தபோது சுருள் நிலைகுலைந்தது. 1993இல் வெளிவந்த துகள்-வலை ஈவால்ட் முறை, நெடுந்தூர மின்விசையை விடாமலும் விரைவாகவும் கணக்கிட வழி செய்தது. அதன் பின்னரே, 1995ஐ ஒட்டி, டி.என்.ஏ. நானோநொடி (நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் சிதையாமல் நின்றது.

பிறகு கணினிகள் விரைவடைந்தன. அப்போது வேறொரு குறை தலைகாட்டியது. முதுகெலும்பிலுள்ள ஆல்ஃபா, காமா என்னும் இரு திருப்புக்கோணங்கள் (பிணைப்பைச் சுற்றிய திருகலைக் குறிக்கும் கோணங்கள்) தவறான நிலைக்குப் புரண்டு, திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட, சுருளின் முறுக்கு படிப்படியாகத் தளர்ந்தது. குறுகிய கணக்கீடுகளில் இதைக் கண்டிருக்கவே முடியாது. பார்சிலோனா ஆய்வுக்குழு 2007இல் பிஎஸ்சி0 என்ற விசைப்புலத் திருத்தத்தையும், 2016இல் பிஎஸ்சி1 என்ற மேம்பட்ட வடிவத்தையும் அளித்தது. பிறர் உழைப்பில் கிடைத்த இத்திருத்தங்களை ஆராயாமல், மென்பொருள் காட்டும் பட்டியலில் முதலில் நிற்கும் விசைப்புலத்தைத் தேர்ந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

பல்கலை நகரிலிருந்தும் தெப்பக்குளத்திலிருந்தும் வந்திருக்கும் மாணவர்கள், மதுரையில் நமக்குப் பெருங்கணினி இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. குரோமாக்ஸ் இத்தகைய கணக்கீடுகளுக்கான இலவச மென்பொருள். 12 கார இணைகளையும் அவற்றைச் சூழ்ந்த நீரையும் நல்லதொரு வரைகலை அட்டை ஒரே நாளில் நூறு நானோநொடிக்கு மேல் நகர்த்திவிடும். டிக்கர்சன் குழுவினர் படிகமாக்கி வடிவம் கண்ட 12 கார இணைத் துண்டிலிருந்து தொடங்குங்கள். கரைசலில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10.5 கார இணைகள் வருகின்றனவா என்று பாருங்கள். முதுகெலும்பிலுள்ள சர்க்கரை வளையத்தின் மடிப்பையும் அளவிடுங்கள். அதை ஒரே கோணத்தால் குறிக்கும் முறையை அல்டோனாவும் சுந்தரலிங்கமும் 1972இல் வகுத்தார்கள். டி.என்.ஏ.வின் வழக்கமான பி வடிவத்துக்குரிய மடிப்பு, வேறொரு சுருளான ஏ வடிவத்துக்குரியதாக மாறித் தங்கிவிட்டால், காரணத்தைத் தேடுங்கள். தொடக்க வேகங்களை மாற்றிப் பலமுறை ஓட்டுங்கள்; ஒருமுறை கிடைத்த விடையை முடிவு என்று எழுதாதீர்கள்.

ஆர்.என்.ஏ.வில் இன்னும் பெரும்பணி காத்திருக்கிறது. நான்கே நியூக்ளியோடைடுகள் (இழையின் அலகுகள்) கொண்ட ஜிஏசிசி துண்டில்கூட, ஒரு காரம் மற்ற இரண்டுக்கு நடுவே செருகிக்கொள்ளும் வடிவங்களைக் கணக்கீடு தந்தது, என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) சோதனையோ அவற்றை ஏற்கவில்லை. வெவ்வேறு விசைப்புலங்களில் இந்தத் துண்டை ஓட்டிச் சோதனை அளவுகளோடு ஒப்பிடுவது, ஒரே வரைகலை அட்டையைக் கொண்டு முதுநிலை மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டுக்குள் செய்து முடிக்கத்தக்க வேலை. அதை எடுத்துக்கொள்ள முன்வருபவர்கள், இவ்வுரை முடிந்ததும் என்னிடம் வந்து பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன்.