ஓட்டு வந்த வீட்டுக்கு இலக்கம் வரவில்லை

(ஹட்டனில் நடந்த சௌமியமூர்த்தி தொண்டமான் நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, மண்டபத்தைக் கட்டணமின்றித் தந்து, மெழுகுதிரிகளையும் எடுத்து வைத்திருக்கும் அதிபர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கி தந்து உதவிய கோவில் பரிபாலன சபைத் தலைவர் அவர்களே, இந்த மழையிலும் வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டுச் சேறு படாமல் வந்து சேர்ந்திருக்கும் பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, கிராம அலுவலர் அம்மா அவர்களே, பின்னால் குடையை மடக்க இடமில்லாமல் நிற்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். சென்ற கூட்டத்தில் ஒரு பெரியவரின் பெயரை நான் விட்டுவிட்டேன். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. இன்று மூன்றாவது நாற்காலியில் இருக்கிறார். அண்ணன், உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் தலைவர், பெரியவர் தொண்டமானைப் பற்றி மூன்று விடயங்கள் பேசுவதாக அழைப்பிதழில் அச்சடித்துவிட்டார்கள். அவருடைய தேர்தல் வரலாறு, அமைச்சராக அவர் செய்தவை, சம்பளப் போராட்டங்கள். மூன்றையும் தொடுவேன். எதில் எவ்வளவு நேரம் நிற்பேன் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இன்று ஒக்டோபர் 30. 1999இல் இதே நாளில் அவர் கண்ணை மூடினார். அதற்குச் சரியாக முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிதான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய வம்சாவளி மலையக மக்களான நம்மில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று இரண்டு அரசுகளும் பங்கு பிரித்துக்கொண்டன. சந்தையில் உருளைக்கிழங்கு பிரிப்பவன்கூட அழுகல் எது, நல்லது எது என்று திருப்பிப் பார்த்துத்தான் பிரிப்பான். நம்மை யாரும் அப்படித் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தத் திகதி வந்தால் எனக்கு இரண்டு துக்கம்.

அவர் பிறந்தது 1913இல், தமிழ்நாட்டில். பதினொரு வயதில் இங்கே வந்தார். கங்காணியாக, அதாவது தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மேற்பார்வையாளராக இருந்து, றம்பொடையில் தோட்டமே வாங்கிய கருப்பையாவின் மகன். தோட்டச் சொந்தக்காரர் தொழிலாளர் தலைவரானது எப்படி என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1939இல் நேரு இலங்கைக்கு வந்துபோனபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. கம்பளைக் கிளையில் ஆரம்பித்தவர் 1945இல் முழுக் காங்கிரசுக்கும் தலைவரானார். 1947 பொதுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதியில் நின்று வென்றார். அதே தேர்தலில் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் மோத்தா. கொழுந்து பறிக்கிறவர்களுடைய பெயர் வாக்காளர் இடாப்பில், அதாவது வாக்காளர் பட்டியலில் இருந்தது, ஓட்டுப் போட்டார்கள், தங்களுடைய ஆட்களை அனுப்பினார்கள்.

அதோடு முடிந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நம் குடியுரிமையைப் பறித்தது, 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் ஓட்டைப் பறித்தது. 1952 தேர்தலுக்கு இடாப்பைப் புரட்டினால் நம்முடைய பெயர்கள் இல்லை. 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். கடைசியில் கிடைத்தது ஏறக்குறைய ஒரு இலட்சத்து முப்பத்து நாலாயிரம் பேருக்கு. சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டம் செய்யக் கூடாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு அழகாக எழுதிவைத்திருந்தது. அதை நம்பிக் கோடகன் பிள்ளை என்பவர் இலண்டனில் இருந்த கடைசி மேன்முறையீட்டு மன்றமான பிரிவிக் கவுன்சில் வரை வழக்கோடு போனார். 1953இல் அங்கேயும் தோற்றோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. முன்வரிசை சிரிக்கிறது. இந்தப் பழமொழியை நான் சொல்லாமல் இறங்கிய மேடை இல்லை என்பார்கள். சொல்ல வைக்கிறார்களே, நான் என்ன செய்வேன்!

அதற்குப் பிறகு அவருடைய கணக்கைப் பாருங்கள். 1952இல் சத்தியாக்கிரகம். எட்டு ஆண்டுகள் பாராளுமன்றத்துக்கு வெளியே. 1960இல் சிறிமாவோ அம்மையார் அரசில் நியமன உறுப்பினர். 1965இல் டட்லி சேனநாயக்க அரசில் மறுபடி நியமன உறுப்பினர். நியமனம் என்றால் யாரோ தரும் நாற்காலி. தந்தவர் முகம் கோணாமல் பேச வேண்டும். அதில் இருந்துகொண்டும் அவர் காரியம் பார்த்தார் என்பது வேறு கதை. 1970இலிருந்து மீண்டும் வெளியே. 1977இல்தான் மறுபடி ஓட்டுப்பெட்டி வழியாக உள்ளே போனார். முதல் வெற்றிக்கும் இரண்டாவது வெற்றிக்கும் நடுவில் முப்பது ஆண்டுகள். 1989இல் தேசியப் பட்டியல், அதாவது கட்சி நியமித்த இடம். ஆக, இத்தனை பெரிய தலைவர், மக்கள் நேரடியாகப் புள்ளடி போட்டு அனுப்பிய பொதுத் தேர்தல்கள் இரண்டே இரண்டுதான். அவருக்கு ஓட்டு இல்லாமல் இல்லை, ஓட்டுப் போடுகிறவர்களுக்கு ஓட்டு இல்லை.

1977இல் நுவரெலியா - மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதி. முதலாவதாக வந்தவர் காமினி திசாநாயக்க, இரண்டாவது அனுர பண்டாரநாயக்க, மூன்றாவது நம்மவர். ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று ஓட்டு. மூவருக்கும் பிரித்தும் போடலாம், மூன்றையும் ஒருவருக்கே கொட்டலாம். இங்கேதான் என் அப்பாயி வருகிறார். அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, அப்பாயியைப் பாதியில் நிறுத்தினால் இரவில் கனவில் வந்து திட்டுவார்.

அப்பாயியின் பெயர் மாரியாயி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து லயத்தில், அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டிய காம்பிரா என்னும் அறைகளின் வரிசையில், கல்லெறிந்தால் ஒரு மாரியாயி மேல்தான் விழும். 1947இல் ஓட்டுப் போட்டவர். பிறகு நாடற்றவர். பல வருடங்களுக்குப் பிறகு பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்து, அதை பிஸ்கட் டின்னில், தாலிக்கொடி அடகுச் சீட்டோடு பூட்டி வைத்திருந்தார். தேர்தல் நாள் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போய்த் தலைக்குக் குளித்தார். ஜூலை மாதக் குளிரில்! கலியாணத்துக்குப் போகிற சேலை. நெற்றி நிறையத் திருநீறு. நான்கு கட்டை, அதாவது நான்கு மைல் நடந்து, வாக்குச் சாவடியில் வரிசையில் நின்று, முறை வந்ததும் அட்டையை நீட்டினார். எழுதுவினைஞர் இடாப்பைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், அப்பாயியைப் பார்த்தார். "உங்கள் ஓட்டு காலையிலேயே போட்டாயிற்று, அம்மா" என்றார்.

அப்பாயி நகரவில்லை. "யார் போட்டது?"

"மாரியாயி."

"மாரியாயி இங்கே நிற்கிறேனே!"

விடயம் இதுதான். தோட்டத்துக்கு வந்த வாக்காளர் அட்டைகள் மொத்தமாக ஆபீசுக்கு வந்திருக்கின்றன. ஒரே லயத்தில் மூன்று மாரியாயி. யாருடைய அட்டை யாருக்கு என்று பார்க்க வீட்டிலக்கம் கிடையாது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் வைத்து, பேரைக் கூப்பிட்டு, கையை நீட்டியவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். காலையில் வந்த மாரியாயி, என் அப்பாயியின் இலக்கத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இப்போது அப்பாயியின் கையில் இருப்பதோ மூன்றாவது மாரியாயியின் அட்டை. அவரும் அரை மணி நேரத்துக்கு முன் வந்து, வேறொருத்தியின் அட்டையில் தன் பெயரைச் சாதித்து ஓட்டுப் போட்டுவிட்டாராம்!

தலைமை அலுவலர் தெற்கிலிருந்து வந்த நல்ல மனிதர். தமிழ் தெரியாது. எழுதுவினைஞர் வழியாகக் கேட்டார்: "நீங்கள் எந்த வீடு?" அப்பாயி சொன்னார்: "முருங்கை மரத்து வீடு." எழுதுவினைஞர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அலுவலர் இடாப்பை மேலும் கீழும் தேடினார். இடாப்பில் முருங்கை மரம் இல்லை. "மற்ற மாரியாயி எந்த வீடு?" "ஒருத்தி ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்துக் காம்பிரா. இன்னொருத்தி, மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு கடைசிக் காம்பிராவுக்குப் போனவள்." வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் வெளியே காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

கடைசியில் மற்ற இரண்டு மாரியாயிகளையும் வெளியே கடலை தின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து கூட்டிவந்தார்கள். மூவரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்த அலுவலர் தலையில் கை வைத்துச் சிரித்துவிட்டு, மிச்சம் இருந்த மாரியாயியின் இலக்கத்தில் அப்பாயிக்குச் சீட்டைக் கொடுத்தார். சட்டப்படி சரியா என்று சட்டத்தரணிகள் யாரும் இருந்தால் பிறகு சண்டைக்கு வாருங்கள். சீட்டை வாங்கிய அப்பாயி, மறைவுக்குள் போகும்முன் திரும்பி, மண்டபமே கேட்கும்படி கேட்டார்: "மூன்று புள்ளடியையும் நம்ம தொண்டமானுக்கே போடலாம் இல்லையா?" அத்தனை பேரும் "உஸ்" என்று வாயைப் பொத்தினார்கள். இரகசிய வாக்கெடுப்பு!

சிரியுங்கள். அப்பாயியே சாகும்வரை இதைச் சொல்லிச் சிரித்தார். ஆனால் நான் இதை ஏன் இவ்வளவு நேரம் சொன்னேன்? ஓட்டு வந்துவிட்டது, ஓட்டுப் போடுகிறவளுக்கு முகவரி வரவில்லை.

சரி, அமைச்சர் பணி. 1978இல் ஜே. ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார், கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சராக. அவர் இருந்த அரசு 1982இல் ஒரு சர்வசன வாக்கெடுப்பு வைத்து, தேர்தல் வைக்காமலே பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கொண்டது. ஓட்டுக்காக முப்பது வருடம் காத்திருந்தவர் அதில் உட்கார்ந்திருந்தார் என்பதை அவருடைய நினைவு நாளிலும் சொல்லத்தான் வேண்டும். இதைச் சொன்னதற்காக யாரும் எழுந்து போக வேண்டாம், தேநீர் கடைசியில்தான். ஆனால் அதே அரசுக்குள் இருந்துகொண்டே 1986 தைப்பொங்கலோடு பிரார்த்தனை இயக்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். கொழுந்துக் கூடையைக் கீழே வைத்துவிட்டு மக்கள் கோவிலில் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டும் 1988இலும் வந்த சட்டங்கள், மிச்சம் இருந்த நாடற்றவர்களுக்கு வழி திறந்தன. அப்படியும் விடுபட்டவர்களுக்கு 2003இல் இன்னொரு சட்டம் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்று ஓட்டு இருக்கிறது. பெரியவருடைய பேரப்பிள்ளையின் மகன் ஜீவன் தொண்டமான் 2020இல் 109,155 விருப்பு வாக்குகளோடு பாராளுமன்றம் போனார். 2024இல் இன்னொன்று நடந்தது, என் அப்பாயி இருந்தால் பீலியில் இன்னொரு தடவை குளித்திருப்பார்: பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி, மலையகத்துப் பெண்கள் இருவர் பாராளுமன்றத்தில். கட்சி எதுவாகவும் இருக்கட்டும். எனக்குக் கட்சி கிடையாது, கதவிலக்கம்தான் வேண்டும்.

ஆம், கதவிலக்கம். என் அக்காள் மகனுக்கு அரசாங்க வேலைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். தபால் பை ஆபீசுக்குப் போகிறது, அங்கே மேசையில் கொட்டுகிறார்கள், யாராவது அந்தப் பக்கம் போனால் கொண்டுவருகிறார்கள். கடிதம் அவன் கைக்கு வந்தபோது நேர்முகப் பரீட்சை முடிந்து ஒன்பது நாள். உறையின் மூலையில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டக் கறை இருந்தது. ஒன்பது நாளில் எத்தனை கோப்பை அதன்மேல் வைத்தார்களோ! எல்லோரும் சமமான பிரஜை என்று அரசியலமைப்பு சொல்கிறது. ஏட்டுச் சுரைக்காய்.

பிறகு எங்கள் பையன்கள் ஐந்து பேர், கோவிலுக்கு அடித்து மிச்சமான நீலப் பெயிண்டால் ஒவ்வொரு காம்பிராக் கதவுக்கு மேலும் ஓர் இலக்கம் எழுதினார்கள். ஒன்றிலிருந்து இருபத்து நான்கு வரை. பதினெட்டாவது வீட்டுக் கிழவர் கதிரை போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் நம்பர் பதினெட்டு" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். இலக்கங்கள் போய்விட்டன. இலக்கம் எழுத யாரிடம் அனுமதி கேட்டீர்கள் என்று ஒரு கேள்வியும் வந்தது.

இங்கே பிரதேச சபை உறுப்பினர் இருக்கிறார். அவர்மீது குறையில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை பணம் செலவழிக்கத் தடையாக இருந்தது. நாம் ஓட்டுப் போட்டுத் தெரிவு செய்த சபையால் நம் லயத்துக்கு ஒரு வண்டிக் கல் கொட்ட முடியவில்லை. 2018இல் அது திருத்தப்பட்டது. ஐயா, இப்போது தடை இல்லை. பாதைக்குப் பெயர்ப் பலகை, வீட்டுக்கு இலக்கம், இதற்குச் சபை ஒரு தீர்மானம் போடட்டும். காணி உறுதியும் வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் நிலமும் வரும்போது வரட்டும், அதற்கான போராட்டம் தனி. கிராம அலுவலர் அம்மா, இலக்கம் இருந்தால் இடாப்புப் படிவத்தோடு மலையேறி, "முருங்கை மரத்து வீடு எது?" என்று நீங்கள் நாயிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அவைத் தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "சம்பளம்?" என்று எழுதியிருக்கிறார். ஐயா, 1984 வேலை நிறுத்தத்தைப் பற்றி மட்டும் பேசவே ஒரு மணி நேரம் வேண்டும். அதை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம்.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் மனு இருக்கிறது. வீட்டுக்கு இலக்கம், கடிதம் நேராக வீட்டுக்கு, இரண்டே கோரிக்கை. கையெழுத்துப் போடுங்கள். முகவரி எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று சில பேர் இப்போதே முழிக்கிறீர்கள். முருங்கை மரம், ஆட்டுப்பட்டி, கடைசிக் காம்பிரா, எது அடையாளமோ அதையே எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் அதை வாசிக்கட்டும். தேநீர் அதற்குப் பிறகு. மேசையில் இருப்பது ஒரே ஒரு பேனா, அதுவும் அதிபர் ஐயாவுடையது. பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள்.