தலா எத்தனை கிலோ? இலங்கையின் தேசிக்காய், தோடம்பழக் கணக்கு

(கொழும்பில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பு ஒவ்வொரு நாட்டுக்கும் உணவுச் சமநிலைத் தாள் ஒன்று வைத்திருக்கிறது. 1961இலிருந்து வருகிற கணக்கு அது. இலங்கையர் ஒருவருக்கு வருடத்தில் எத்தனை கிலோ சிட்ரஸ் பழம், அதாவது தேசி, தோடை இனப் பழம், கிடைத்தது என்பதை அதிலிருந்து எடுக்கலாம். அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு, நுகர்வு கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள். அந்த எண்ணை மட்டும் நம்பி எந்தக் கொள்கையும் வகுக்கக்கூடாது என்று சொல்லவே இங்கு நிற்கிறேன்.

கணக்குப் போடும் முறை எளிது. உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, இருப்பு மாற்றத்தைச் சேர்த்தால் உள்நாட்டுக் கிடைப்பனவு வரும். இழப்பையும் வேறு பயன்பாடுகளையும் கழித்து, மிஞ்சியதைச் சனத்தொகையால் வகுப்பார்கள். 2024 தொகைமதிப்பின்படி நாம் சுமார் 2 கோடி 17 இலட்சம் பேர். ஆகவே 10,000 தொன் பழம் கூடினாலோ குறைந்தாலோ தலைக்கு 460 கிராம் மாறும். ஒரு தேசிக்காய் 40 கிராம் என்று வைத்தால், வருடத்துக்குப் பதினொரு காய். அந்த 460 கிராமிலும் தோல், விதை, சக்கை எல்லாம் அடக்கம். கிடைப்பனவு வேறு, வயிற்றுக்குள் போவது வேறு.

இந்தக் கணக்கில் மிகப் பலவீனமான கால் உற்பத்தி. மொனராகலை, குருநாகல், அம்பாந்தோட்டைப் பக்கம் தோட்டமாகச் செய்பவர்கள் உண்டு. ஆனால் நம் தேசி மரங்களில் ஏராளமானவை வீட்டு வளவில், கிணற்றடியில் நிற்பவை. அந்தக் காய் தராசில் ஏறுவதே இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போகும், ஊறுகாய்ப் பரணிக்குள் போகும். மரங்களின் எண்ணிக்கையைச் சராசரிக் காய்ப்பால் பெருக்கித்தான் உற்பத்தியை மதிப்பிட முடிகிறது. மரங்களை நாடளாவ எண்ணும் விவசாயத் தொகைமதிப்போ 1982, 2002, 2013/14 என்று நீண்ட இடைவெளி விட்டு வந்தது. இடைப்பட்ட வருடங்களில் கோடு ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் மதிப்பீட்டின் அசைவு.

இன்னொரு பொறி, 1961 முதல் இன்றுவரை ஒரே கோடாக வரைந்துவிடுவது. பழைய முறையிலான தொடர் 2013இல் நின்றது. புதிய முறை 2010இலிருந்து தொடங்குகிறது. இரண்டும் 2010 முதல் 2013 வரை ஒன்றின்மேல் ஒன்று வரும். அந்த நான்கு வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒட்டினால், கணக்கு முறை மாறியதை மக்கள் பழக்கம் மாறியதாக வாசித்துவிடுவோம். சாறும் அப்படித்தான். இறக்குமதியாகும் 65 பிரிக்ஸ் செறிவு, அதாவது 100 கிராமில் சுமார் 65 கிராம் சர்க்கரை கரைந்திருக்கும் கெட்டிச் சாறு, ஒரு கிலோவுக்குத் தண்ணீர் சேர்த்தால் ஐந்தரைக் கிலோ சாறு. பழமாகத் திருப்பிக் கணக்கிட்டால் 10 கிலோவுக்கு மேல். குளிர்பானக் கம்பனி ஒன்று சில கொள்கலன்கள் கூடுதலாக இறக்கினால் தாளில் நாடே தோடம்பழம் தின்றதாகத் தெரியும்.

தோடம்பழத்தைத் தேசிக்காயிலிருந்து பிரித்துத்தான் பார்க்க வேண்டும். பேலியகொட மெனிங் சந்தையிலும் புறக்கோட்டை நடைபாதையிலும் செம்மஞ்சளாய் அடுக்கியிருப்பது வெளிநாட்டுப் பழம். எகிப்தின் அறுவடை டிசம்பரில் தொடங்கும். தென்னாபிரிக்காவினது வருட நடுவில் வரும். அந்த வரத்தை ஆள்வது டொலர். 2022 மார்ச்சில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐ எட்டியது. அதோடு இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சேர்ந்தன. அந்த வருடம் தோடம்பழ வரத்துச் சரிந்ததற்கும் நம் மரங்களுக்கும் தொடர்பில்லை. நம்முடைய பிபிலைத் தோடை பழுத்தும் பச்சையாகவே இருக்கும். தாழ்நிலத்தில் இரவுக் குளிர் போதாததால் தோலின் பச்சையம் சிதைவதில்லை. உள்ளே இனிப்புக்கு ஒரு குறையும் இல்லை. கொழும்பில் அதைக் காய் என்று ஒதுக்குகிறோம். வருத்தமான விஷயம். விற்றமின் சி தான் கவலையென்றால் கொய்யா வாங்குங்கள். 100 கிராமில் தோடம்பழத்தைப்போல நான்கு மடங்கு இருக்கிறது.

தேசிக்காயை ஆள்வது மழை. மரம் நாலைந்து கிழமை வரட்சியில் வாடி, பிறகு தண்ணீர் கண்டால்தான் ஒருமிக்கப் பூக்கும். பூத்து நாலைந்து மாதத்தில் காய் பறிக்கலாம். ஆகவே இன்று வெள்ளவத்தைக் கடையில் விலை ஏன் ஏறியது என்று கேட்டால், ஐந்தாறு மாதத்துக்கு முந்தைய வானத்தைத்தான் பார்க்க வேண்டும். வெயில் இடைவெளியே இல்லாமல் மழை தொடர்ந்தால் மரம் துளிர்க்கும், பூக்காது. பூத்த நேரம் அடைமழை பிடித்தால் அந்திரக்னோஸ் பூஞ்சை பூவையும் பிஞ்சையும் கொட்டவைக்கும். ஆண்டுச் சராசரியில் இவை ஒன்றும் தெரியாது. காய் மலிந்த மாதமும் காயே இல்லாத மாதமும் ஒன்றாகக் கரைந்துவிடும். அதனால் மாத விலையையும் மாத மழையையும் ஒரே தாளில் போட்டுப் பாருங்கள். கொழும்பிலுள்ள ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகம் சந்தை விலைகளை வெளியிடுகிறது, அதிலிருந்து தொடங்கலாம்.

நீர்ப்பாசனம் உள்ளவர் இந்த விதியைத் தன் பக்கம் திருப்பலாம். காய் வேண்டிய மாதத்திலிருந்து ஆறு மாதம் பின்னால் எண்ணி, மழையில்லாத காலமாகப் பார்த்துத் தண்ணீரை நிறுத்துங்கள். இலை நண்பகலில் சுருண்டு மாலையில் விரிந்தால் போதிய வாட்டம். காலையிலும் சுருண்டே இருந்தால் எல்லை மீறிவிட்டது; இலை கொட்டும், அடுத்த காய்ப்பும் போகும். திரும்ப விடும்போது உரத்தோடு நிறைய விடுங்கள்.

பறித்த பிறகு போவதும் கொஞ்சமல்ல. சமநிலைத் தாளில் இழப்பு பெரும்பாலும் ஒரு நிலையான வீதம். நிலத்தில் அது ஆளுக்கு ஆள் மாறுகிறது. பனி ஈரத்தோடு பறித்த காயின் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் இலகுவில் உடையும். கசிந்த எண்ணெய் பட்ட இடம் இரண்டு நாளில் கபில நிறப் புள்ளியாகும். வெயில் ஏறி, தோல் காய்ந்த பிறகே பறியுங்கள். இழுத்துப் பிடுங்காமல் கத்தரியால், காம்பின் பச்சைப் புல்லி காயோடு ஒட்டியிருக்க வெட்டுங்கள். புல்லி கழன்ற வழியாகத்தான் காம்படி அழுகல் நுழைகிறது. 50 கிலோ சாக்கில் அடைத்து லொறியில் அடுக்கினால் அடிச்சாக்கு நசியும். பிளாஸ்டிக் கூடையில் போடுங்கள். குளிர் அறையில் 9 முதல் 10 பாகை செல்சியஸ் போதும். அதற்கு நன்றாகக் கீழே போனால் தோலில் குழி விழும்.

கடைசியாக, மரங்களைப் பற்றி. புளோரிடாவில் 2003–04 பருவத்தில் 24 கோடிப் பெட்டிக்கு மேல் தோடம்பழம் விளைந்தது. 2024–25இல் சுமார் 1.2 கோடி. சூறாவளிகளும் நகரமயமும் பங்கு வகித்தன. முதற்காரணம் 2005இல் அங்கு கண்டறியப்பட்ட பச்சையாதல் நோய், சிட்ரஸ் மரங்களைத் தாக்கும் ஒரு பக்டீரியா நோய். அதைப் பரப்பும் சைலிட் என்ற சிறு பூச்சி ஆசியாவுக்குரியது. நம் கறிவேப்பிலையிலும் வளரும். இலை மஞ்சளானதும் மரத்தை வெட்டிவிடாதீர்கள். இலையை நடு நரம்பில் மடித்துப் பாருங்கள். இரு பாதியிலும் மஞ்சள் ஒரேமாதிரி, நரம்புகள் பச்சையாக, இளம் இலை சிறுத்திருந்தால் துத்தநாகக் குறைபாடு. இலைவழி தெளித்தால் சரிவரும். ஒரு பாதிக்கும் மறு பாதிக்கும் பொருந்தாத திட்டுத் திட்டான மஞ்சள், கோணலான காய், உள்ளே சுருங்கிக் கறுத்த விதை மூன்றும் சேர்ந்து வந்தால் விவசாயத் திணைக்கள அலுவலரிடம் காட்டுங்கள். நோய் உறுதியானால் மருந்து இல்லை. முதலில் சைலிட்டுக்கு மருந்தடித்து, பிறகு மரத்தை வேரோடு எடுத்துவிடுங்கள். அடிக்காமல் வெட்டினால் பூச்சி நோயோடு பக்கத்து வளவு மரத்துக்குப் பறக்கும்.